றொசாலியா அம்மாவிடம் விட்ட தண்டச் சீட்டு

அந்த ஓகஸ்ட் மதியம் தொலைக்காட்சியில் ஒரு படகைக் காட்டினார்கள். லம்பெதூசாத் தீவில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். சல்வோ முள்ளுக்கரண்டியைத் தட்டில் போட்டார்.

“கிளான்டெஸ்தீனி! கள்ளமாக வருவார்கள். வரி கட்டமாட்டார்கள். நாங்கள்தான் சாப்பாடு போட வேண்டும்.”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கத்தரிக்காய்ப் பாஸ்தாவைச் சமைத்தவள் சுதாஜினி. பலேர்மோ நகரில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்தெருவில் உள்ள அந்த வீட்டில், சல்வோவின் தாய் கொன்செத்தாவை அவள் ஐந்து வருடங்களாகப் பராமரிக்கிறாள். சுதாஜினி என்ற பெயர் வாயில் நிற்காததால் அந்த வீட்டில் அவள் சூசி.

எண்பத்தெட்டு வயதுக் கொன்செத்தா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நாங்கள் யாருக்குச் சாப்பாடு போடுகிறோம்? இந்த வீட்டில் எனக்கும் உனக்கும் போடுவது இவள்தானே.”

“சூசியைச் சொல்லவில்லை அம்மா. சூசி அப்படிப்பட்டவள் இல்லை.”

மற்ற நாளாக இருந்தால் சுதாஜினி சிரித்துவிட்டுக் குசினிக்குள் போயிருப்பாள். அன்று போகவில்லை. பெர்மெசோ என்ற தங்கும் அனுமதி இல்லாமல் வீடுகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்பவர்களைப் பதிவதற்கு அரசாங்கம் அந்தக் கோடையில் ஒரு கதவைத் திறந்திருந்தது. விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. ஓகஸ்ட் பதினைந்தோடு கதவு மூடப்படும். அன்று பன்னிரண்டு.

“நானும் அதுதான், சிஞ்ஞோர் சல்வோ,” என்றாள்.

அவர் சிரித்தார். “நீயா? நீ என்ன படகிலா வந்தாய்?”

“இல்லை. விமானத்தில் வந்தேன். விசா இருந்தது, வேலை ஒப்பந்தம் இருந்தது, பெர்மெசோவும் இருந்தது. நான் முதலில் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா செத்துப்போனா. புது ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது. இங்கே வந்த முதல் மாதமே உங்களிடம் ஒப்பந்தம் கேட்டேன். பிறகு பார்ப்போம் என்றீர்கள்.”

சல்வோவுக்கு ஞாபகம் வந்தது. அவர் கெட்டவர் அல்ல. தாயின் பிறந்தநாளுக்குச் சுதாஜினிக்கும் சேர்த்து தன் செருப்புக் கடையிலிருந்து ஒரு சோடி கொண்டுவருபவர். கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது, கேட்காமல் இருந்தார். எத்தனையோ நல்ல மனிதர் அப்படித்தான் ஒரு தீங்கின் பக்கத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

“வரி...” என்று தொடங்கி நிறுத்தினார்.

“கட்ட விடுங்கள், கட்டுகிறேன்.”

கொன்செத்தா கரண்டியால் மேசையில் தட்டினார். “சல்வோ, செருப்பு நாளைக்கும் விற்கும். எழும்பு. அந்தக் கடதாசியை நிரப்பு.”

மறுநாள் மத்தியானம் சல்வோ விண்ணப்பம் நிரப்ப உதவும் கந்தோரிலிருந்து வியர்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் சரி, ஒன்று மட்டும் இல்லை. மார்ச் எட்டாம் திகதிக்கு முன்பே அவள் இத்தாலியில் இருந்தாள் என்பதற்கு, அவளுடைய பெயரும் திகதியும் உள்ள ஒரு கடதாசி வேண்டும். பழைய பெர்மெசோவை ஏற்கவில்லை. இடையில் ஊருக்குப் போய் வந்திருக்கலாமே என்று கேட்டார்களாம்.

ஊருக்குப் போவதாவது. போனால் திரும்ப வர முடியாது. அவள் கிளிநொச்சியில் தங்கையிடம் விட்டுவந்த மகள் றம்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது பதினாறு. இந்த ஏழு வருடத்தில் அந்தப் பிள்ளை வளர்ந்ததையெல்லாம் அவள் கைபேசிக்குள்தான் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரித் துண்டு?” என்று கேட்டார் சல்வோ.

“போனதில்லை. பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.”

“சொல்லக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, சூசி! வீட்டு வாடகை? கைபேசி?”

“எல்லாம் என்னோடு இருக்கும் மாக்கிரட் அக்காவின் பெயரில்.”

“பஸ்?”

“ஒவ்வொரு நாளும் சீட்டு வாங்குவேன். அதில் பெயர் இல்லையே.”

சல்வோ தலையில் கைவைத்தார். “நீ ஒரு கடையில் களவெடுத்துப் பிடிபட்டிருந்தால் கேஸ் இருந்திருக்கும், பெயர் இருந்திருக்கும், நாளைக்கே விண்ணப்பிக்கலாம். ஒழுங்காக இருந்ததுதான் உன் பிழை.”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சுதாஜினியின் முகம் வெளிறிப்போனது. அவளுடைய பெயர் எழுதிய ஒரு கடதாசி இருந்தது. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

பின்னேரம், பல்லாறோச் சந்தைக்கு மேலே இருவரும் வாடகைக்கிருந்த அறையில், மாக்கிரட் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மன்னார்க்காரி, இருபது வருடமாகப் பலேர்மோவில் இருப்பவள், ஞாயிறுப் பூசையைத் தவறவிடாதவள். சுதாஜினி அவளுக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்தாள்.

“அக்கா, நான் ஒரு குற்றம் செய்தனான்.”

“என்ன, சிஞ்ஞோரான்ரை சங்கிலியை எடுத்துப்போட்டியோ?”

“பகிடி விடாதேங்கோ. பெப்ரவரியிலை பஸ்ஸிலை எனக்குத் தண்டம் அடிச்சவங்கள்.”

மாக்கிரட்டின் கை நின்றது. “உனக்கோ? ரெண்டு தரிப்புத் தள்ளிப் போறதுக்கும் சீட்டு வாங்கிற நீயோ?”

“சீட்டு வாங்கினனான். பக்கத்திலை ஒரு ஆபிரிக்கப் பிள்ளை, மடியிலை கைக்குழந்தை. பரிசோதகர் ஏறினதைக் கண்டிட்டு அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கிற்று. குழந்தை நழுவி விழப்போகுதெண்டு பயந்து என்ரை சீட்டை அவளின்ரை கையுக்குள்ளை வைச்சிட்டன். அப்ப என்னட்டை இல்லை. பாஸ்போட் கொப்பியைப் பாத்து என்ரை முழுப் பேரையும் எழுதினவர்.”

“எழுதட்டும். அதுக்கென்ன?”

“பொலிஸ் புத்தகத்திலை பேர் விழுந்திட்டுது எண்டுதான் நினைச்சன். அடுத்த நாளே தண்டத்தைக் கட்டிட்டன். இனிப் பெர்மெசோ எண்ட கதையே இல்லை எண்டு நினைச்சு...”

“நினைச்சு?”

“மார்ச் முதல் ஞாயிறு மலைக்குப் போனம்தானே. அந்தத் தண்டத் துண்டையும் கட்டின றிசீட்டையும் திருநீற்றுச் சரையோடை பொலித்தீனிலை சுத்தி, றொசாலியா அம்மான்ரை மன்றாட்டுப் பெட்டிக்குள்ளை போட்டிட்டன். என்ரை பேரை அழிச்சுவிடணை எண்டு.”

மாக்கிரட் கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். “விசரி! எடி விசரி! எங்கடை பங்கிலை ஒராள் தண்டத் துண்டைக் குடுத்துத்தான் போன மாசம் பதிஞ்சவர். அது குற்றமில்லையடி, அதுதான் சாட்சி!”

“அப்ப பஸ் கந்தோரிலை ஒரு கொப்பி...”

“பதினைஞ்சாம் திகதி மாதாவின்ரை பெருநாளுக்கு ஊரே பூட்டு. ஆரடி உனக்கு நாளைக்குக் கொப்பி எடுத்துத் தரப்போறான்? விடிய மலைக்கு வெளிக்கிடு.”

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமோ அக்கா?”

மாக்கிரட் செபமாலையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். “கேட்டுப் பாப்பம். ஏசினால் ரெண்டு பேரும் சேந்து வாங்குவம்.”

பலேர்மோத் தமிழர், சைவரும் வேதக்காரரும் ஒன்றாகத்தான் நகரின் காவல் புனிதையான றொசாலியாவின் மலைக்கு ஏறுவார்கள். பதினான்காம் திகதி விடியும்போது அவர்கள் இருவரும் கல்பாவிய பழைய பாதையில் ஏறினார்கள். மாக்கிரட் செபமாலை சொன்னாள். சுதாஜினி அதற்குள் தன் முருகனையும் கூப்பிட்டாள். கீழே துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் வெள்ளையாக வந்து ஒதுங்கியது. ஏறுகிற வழியெல்லாம் சுதாஜினிக்கு ஒரே எண்ணம்: ஐந்து மாதம். இவ்வளவு நாளும் வைத்திருப்பார்களா?

குகைக்கோவிலின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காவலர் முகக்கவசம் போட்ட கிழவர். மாக்கிரட் தன் இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டுத் தலையாட்டினார்.

“புனிதைக்குக் கொடுத்த விண்ணப்பத்தை யாரும் வாசிக்கக்கூடாது. நிரம்பினால் எடுத்து எரிப்போம். ஒவ்வொரு மாதமும் நிரம்பும்.”

சுதாஜினி கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆனால் இந்த வருடம்,” என்று கிழவர் திறப்புக் கோர்வையைத் தேடினார், “மார்ச்சில் கொரோனாவுக்கு எல்லாவற்றையும் பூட்டினோமே. பிறகு திறந்தும் சனம் இல்லை. பெட்டி இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.”

அவர் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். “மற்றவர்களுடையதைத் திறவாதே. உன்னுடையதை மட்டும் எடு.”

மேலே கிடந்தவை நோய் தீரக் கேட்டவையாக இருக்க வேண்டும். அந்த வருடம் வேறு எதைக் கேட்பார்கள்? மடித்த கடதாசிகளைக் குழந்தையின் உடுப்பைத் தொடுவதுபோல் ஒவ்வொன்றாக விலக்கினாள். அடியில் அவளுடைய பொலித்தீன் இருந்தது. திருநீறு ஈரத்தில் கட்டியாகியிருந்தது. சீட்டின் ஒரு ஓரம் மஞ்சளாகியிருந்தது. ஆனால் பெயரும் இருந்தது, திகதியும் இருந்தது: பெப்ரவரி பத்தொன்பது.

“நான் அழிச்சுவிடச் சொல்லிக் கேட்டனான்,” என்றாள் சுதாஜினி, அழுதுகொண்டு.

“நல்லவேளை, மனிசி உன்ரை சொல்லைக் கேக்கேல்லை,” என்றாள் மாக்கிரட்.

அன்று பின்னேரம் சல்வோ கணினியில் விண்ணப்பத்தை அனுப்பினார். அனுப்புவதற்கு முன் தண்டச் சீட்டை இரண்டு முறை வாசித்தார்.

“நீ சீட்டு இல்லாமல் போனாயா?”

சுதாஜினி நடந்ததைச் சொன்னாள். “அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார் அவர்.

அவளுக்குத் தெரியாது. மலையிலிருந்து இறங்கும்போதே அந்தக் கேள்வி அவள் மனதில் வந்துவிட்டது. சீட்டைக் கொடுக்காமல் இருந்திருந்தால் தண்டம் அந்தப் பிள்ளைக்குத்தான் விழுந்திருக்கும். அந்தக் கடதாசியும், அந்தப் பெயரும், அந்தத் திகதியும் அவளுடையவையாக இருந்திருக்கும். அவளும் ஒரு வீட்டில் வேலை செய்பவளாக இருந்தால், அந்தச் சாட்சி அவளுக்கல்லவா உதவியிருக்கும்? மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும், அவளுக்குத் தெரிந்த ஊர்க்காரர் விக்னராஜாவுக்கோ எந்தக் கடதாசி இருந்தும் பயனில்லை. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. ஐந்து வருடம் ஒரு கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டியது சாட்சியாகவில்லை. ஒரு தண்டம் சாட்சியானது. அன்பு செய்கிறவர்களைக் கடவுள் கைவிடுவதில்லை, அது உண்மை. ஆனால் கடவுள் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் ஏறி வர வேண்டும் என்று மனிதர் சட்டம் எழுதக்கூடாது.

“அவளைக் கண்டால் என்னிடம் சொல்,” என்றார் சல்வோ. “எங்கள் மச்சாளுக்கு வீட்டுவேலைக்கு ஆள் வேண்டும். ஒப்பந்தம் எழுதித்தான்.”

“நாளைக்குக் கதவு மூடிவிடுமே.”

“தெரியும்,” என்றார் அவர். முகம் சிவந்திருந்தது. “ஐந்து வருடம் நான் தூங்கினேன். இனியாவது கேட்டுவைக்கிறேன்.”

பெர்மெசோ உடனே வரவில்லை. வர ஒரு வருடமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்றார்கள். கையில் கிடைத்தது விண்ணப்பம் பதிந்ததற்கான ஒரு தாள்தான். அதைக் கொன்செத்தா மூக்குக்கண்ணாடி போட்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார். “சு... தா... ஜி... னி. இவ்வளவு நீளமா? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?” அன்று முழுக்க அந்தப் பெயரைப் பிழையாகவும் சரியாகவும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

சுதாஜினி செப்டெம்பர் முதலாம் திகதி பெயரும் படமும் போட்ட மாதாந்தப் பஸ் அட்டை எடுத்தாள். ஆனாலும் கைப்பையில் பெயரில்லாத சீட்டு ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறாள். பஸ்ஸில் ஏறியதும் முதலில், கைக்குழந்தையோடு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பாள்.