பூட்ஸ் நிறைய பீர்

இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள் காலை நோட்டில் இப்படி எழுதினேன்: "இன்று இறுதி ஆட்டம். ஜெயித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது." தோற்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. துக்கம் வந்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவேன். சந்தோஷம் வந்தால்தான் எனக்குத் தொண்டை வறளும்.

தினமும் ஒரு வரி எழுதி, லோர்னாவுக்குப் போனில் படித்துக் காட்ட வேண்டும். குடியை விட்டு இருபது வருஷம் ஆனவள். குடியை விட நினைப்பவர்களின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எனக்குத் துணையாக வாய்த்தவள்.

"முதல் கிளாஸை மட்டும் வேண்டாம்னு சொல்லு கொலீன். அப்புறம் பத்தாவது கிளாஸ் எங்கேர்ந்து வரும்?" என்றாள். பிறகு, "டீம்ல சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை. கோதுமை விளையும் எங்கள் சின்ன ஊரில் பெண் ஒருத்தி பீர் வேண்டாம் என்றால், "எத்தனாவது மாசம்?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. அதனால் மார்ச்சில், கையால் பிடித்துக் காலால் உதைக்கும் எங்கள் ஊர் ஃபுட்பால் அணியில் சேர்ந்தபோது, மாத்திரை சாப்பிடுகிறேன், அதோடு பீர் ஆகாது என்று சொல்லிவைத்தேன். ஒரு வாரத்துக்கென்று சொன்ன பொய் செப்டம்பர்வரை ஓடிவிட்டது. என்ன வியாதி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்; அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்கவில்லை. கேப்டன் ப்ரான் என் பையைத் தானே தூக்கிக்கொள்வாள். அடிக்கடி என் வீட்டு வாசலில் மாட்டிறைச்சிக் குழம்பு வைத்துவிட்டும் போவாள். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்தன்று எல்லோர் மணிக்கட்டிலும் பச்சை ரிப்பன். எனக்கு மட்டும் இல்லை. மறந்திருப்பார்கள், அதைப் போய்க் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன்.

என்ன ஆட்டம் ஆடினார்கள் தெரியுமா. இத்தனை மாதமாக எங்கே ஒளித்துவைத்திருந்தார்களோ அந்த வேகத்தை. அப்படியும் கடைசி நிமிஷத்தில் நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். ப்ரான் பந்தை உயரத் தூக்கி உதைத்தாள். முழங்காலில் கட்டோடு நான், இரண்டு பேர் தோளுக்கு மேல் எழும்பி, பந்தைப் பிடித்தேன். ஆட்டம் முடிந்ததென்று சைரன் ஊதியது. பிடித்த பந்துக்கு அதன் பிறகும் ஓர் உதை உண்டு. உதைத்தேன். கோணல்மாணலாகப் போய்க் கோல் கம்பங்களின் நடுவில் விழுந்தது. ஆறு புள்ளி. மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வெற்றி உதை யாருடையதோ, அவள் தன் பூட்ஸிலேயே பீர் குடிக்க வேண்டும். எங்கள் கிளப் வழக்கம் அது. ப்ரான் என் வலதுகால் பூட்ஸைக் கழற்றி விளிம்புவரை ஊற்றி நீட்டினாள். இருபது பேர் கைதட்டினார்கள்.

"மாத்திரையை நாளைக்குப் பாத்துக்கலாம்டி. இன்னிக்கு ஒரு நாள்."

என்னைக் கேட்காமலே என் கை வாங்கிக்கொண்டது. நுரை மூக்கில் பட்டது. ஐயோ, அந்த வாசனை.

"ப்ரான், நான் குடிகாரி. மாத்திரையெல்லாம் பொய். இதைக் குடிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது."

கைதட்டல் நின்றது. ப்ரான் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்போ நீ சாகப் போறதில்லையா?"

"என்னது?"

"ஆறு மாசமா மாத்திரை. என்ன வியாதின்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறே. நாங்க என்னன்னு நினைக்கிறது? இந்த ரிப்பனே உனக்காகத்தான்டி. உன் கடைசி ஆட்டம்னு உயிரைக் குடுத்து ஆடினோம்."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நாசமாப் போறவளே, என் குழம்புச் சட்டி ஏழையும் திருப்பிக் குடு," என்று சொல்லி விலா எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடித்தாள். பீர் முழுக்க இருவர் முதுகிலும் புல்லிலும் கொட்டியது. அவள் அழுதுகொண்டிருந்தாள். மற்றவர்கள் கத்திய கத்தலில் கார்கள் மறுபடியும் ஹாரன் அடித்தன.

ப்ரான் பூட்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மூன்று தடவை அலசி, மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்து, இன்னொரு தடவை அலசினாள். பிறகு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

ஒரே மூச்சில் குடித்தேன். சேறு, புல், ஆட்டம் முழுக்க ஊறிய என் வியர்வை. இவ்வளவு மோசமான எதையும் நான் வாழ்க்கையில் குடித்ததில்லை.

"இன்னொண்ணு ஊத்து," என்றேன்.