ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ரூட்டர்

யுவராஜின் செல்போன் கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கமலா உள்ளே நுழைந்தாள். அதற்காக ஏற்காடு கடைவீதியில் இரண்டு முறை மேலும் கீழும் நடந்தாயிற்று. வீட்டில் மிளகாய் இருந்தும் கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கியாயிற்று.

“வைஃபை பெட்டி ஒண்ணு வேணும் தம்பி. படம் நிக்காம ஓடணும்.”

“லாட்ஜுக்குங்களா, ஊட்டுக்குங்களா?”

“லாட்ஜுக்குத்தான். ரூம்காரங்க நெட்டு வல்லைன்னு சொல்றாங்க.”

இந்தப் பதிலை அவள் வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள். ஏரிக்குப் போகும் சாலையில் அவள் புருஷன் கோவிந்தராஜ் எட்டு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் நடத்திவந்தார். சேலத்திலிருந்து மலையேறி வந்து இருபத்தாறு வருஷம். லாட்ஜுக்குப் பின்னால், ஒரு வாசல் தள்ளி, வீடு. ரூம்காரர்கள் பேரைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். யுவராஜ் கேட்டான்.

“எதுலங்கம்மா பாப்பாங்க? போன்லயா, டிவிலயா? பெட்டி வைக்கற எடத்துக்கும் பாக்கற எடத்துக்கும் நடுவுல எத்தனை செவுரு இருக்கும்?”

“மூணு செவுரு. எங்க ஹால்ல இருக்கற டிவி.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரூம்காரர்கள் எதற்கு வீட்டு ஹாலுக்கு வந்து டிவி பார்க்கப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு, புனேயில், அவள் மகள் ஐஸ்வர்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாதேஷ், இதே மலையில் மாரமங்கலத்துப் பழங்குடிப் பையன். அங்கே அவர்களுக்குக் காபியும் மிளகும் உண்டு. புனேயில் இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. விஷயம் தெரிந்த அன்று கோவிந்தராஜ் சத்தம் போடவில்லை. “மலைக்காரங்க ஊட்டுல என்ற பொண்ணா?” என்று ஒரு தடவை கேட்டார். பிறகு கமலாவிடம், “நீ கல்யாணத்துக்குப் போறதுன்னா போயிக்க. திரும்பி இங்க வந்து நிக்காத,” என்றார். மூன்று மாதமாக அந்த வீட்டில் மகளின் பெயரை யாரும் சொல்லவில்லை.

கமலா மட்டும் சமையல்கட்டில் நின்று போனில் பேசுவாள். லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த பழைய பெட்டியிலிருந்து அங்கே வருகிற சிக்னல் சாண் ஏறினால் முழம் சறுக்கும். போன செவ்வாய்க்கிழமை வீடியோவில் ஐஸ்வர்யாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்பதே தெரியவில்லை. “கல்யாணத்த லைவ்ல போடறாங்கம்மா, ஹெச்டி. நல்லாத் தெரியும். லிங்க் அனுப்பறேன், பாரு,” என்று குரல் மட்டும் வந்தது. அந்தக் கட்டங்கள் நாலு நாளாகக் கமலாவின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

யுவராஜ் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான்.

“இந்தச் சின்னது, பழசு இருக்கற எடத்துலயே மாத்தி வெச்சரலாங்க. அலை செவுரு தாண்டிப் போகும். ஆனா வேகம் கம்மி. சமையக்கட்டுல நின்னு போன்ல பாக்கத் தாராளம். நாலு கொம்பு வெச்ச பெருசுல ரெண்டு விதமா அலை வரும். அஞ்சு ஜிகாஹெர்ட்ஸ்ல வெச்சா டிவில ஹெச்டி கண்ணாடியாட்டத் தெரியும். ஆனா அது செவுத்தத் தாண்டுனாப் படுத்துக்கும். ரிசப்ஷன்ல இருந்து ஒயர் இழுத்து, டிவி இருக்கற ரூம்லயே பெட்டிய வெக்கணும்.”

“அப்ப ஹால்ல எல்லாருக்கும் தெரியறாப்லயா?”

“மறைச்சு வெச்சா அலை வராதுங்க.”

கமலா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னதை எடுத்தால் வம்பே இல்லை. பழையதைக் கழற்றி இதை மாட்டினால் கோவிந்தராஜுக்குப் புரியக்கூடப் போவதில்லை. அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, கட்டைவிரல் அகலத்தில் மகளின் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். யாராவது கூப்பிட்டால் போனைக் கவிழ்த்துவிட்டு ஓடலாம். பெரியதை எடுத்தால் அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, சுவரளவு டிவியில்.

“வேற நாள் வரட்டுமா?”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணுமில்லீங்களாம்மா?” என்றான் யுவராஜ், பெட்டியைத் துடைத்தபடி. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “எனக்கும் லிங்க் வந்துருக்குதுங்க. மாதேஷ் எங்கூடப் படிச்சவன்.”

அப்படியானால் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். அவள் ஒருத்திதான் இத்தனை நாளாக அடுப்படியில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள்.

“பெருசையே குடு சாமி,” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் யுவராஜ் ஒயர்ச்சுருளோடு வந்தான். ரிசப்ஷனில் ஃபைபர் வந்து சேரும் இடத்திலிருந்து, ஓட்டு விளிம்போடு இழுத்து, ஜன்னல் வழியாக ஹாலுக்குக் கொண்டுவந்தான். டிவிக்குப் பக்கத்தில் நான்கு கொம்புகளோடு பெட்டி உட்கார்ந்தது. அவன் போன கொஞ்ச நேரத்தில் கோவிந்தராஜ் உள்ளே வந்து, அதன் முன்னால் நின்றார்.

“என்ன இது?”

ரூம்காரர்கள் கதை வாய்வரை வந்தது. ஹாலில் இருக்கும் பெட்டிக்கு அது எடுபடாது.

“நாளைக்கு நம்ம கண்ணுக்குக் கல்யாணமுங்க. நான் பாக்கப்போறேன். நீங்க பாக்க வேண்டாம்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஒயரின் ஒரு முனை இங்கே இருந்தாலும், மறு முனை அவருடைய ரிசப்ஷனில்தானே இருக்கிறது? ஒரு விரலால் பிடுங்கிவிடலாம். படுக்கப் போகும்வரை நாலு தரம் டிவியைப் போட்டுப் போட்டு, வருகிறதா என்று பார்த்தாள்.

காலையில் பனி இறங்கி எதிர்வரிசை சவுக்கு மரங்கள் தெரியவில்லை. எட்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. மறுபடி பெட்டியில் பச்சை விளக்கு எரியும்வரை கமலா மலைச்சாமி சேர்வராயனைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். ஒன்பதுக்கு லிங்க்கைத் தொட்டாள். மண்டபம் தெரிந்தது. மாவிலை, வாழைமரம், ஹோமப் புகை எல்லாம் பக்கத்து வீட்டு விசேஷம்போல் துல்லியமாக இருந்தன. மாதேஷின் அம்மா கண்ணாயி, நீலப் பட்டில், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். “பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ,” என்று ஐயர் குரல் கொடுத்தார்.

அப்போது படம் நின்றது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அவள் யுவராஜைப் போனில் கூப்பிட்டாள்.

“லாட்ஜு ஃபுல்லுங்களா இன்னைக்கு? பனிக்கு வெளிய போகாம எட்டு ரூமும் படம் பாக்கறாங்கம்மா. எல்லாம் ஒரே லைனுங்க. ரிசப்ஷன்ல பழைய பெட்டியக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க. பக்கத்துல இருக்கற ஃபைபர் பெட்டியத் தொட வேண்டாம்.”

மணி ஒன்பது இருபத்திரண்டு. செருப்பைத் தேடாமல் வாசலைக் கடந்து ஓடினாள். கோவிந்தராஜ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல், வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அந்தப் பழைய பெட்டியக் கொஞ்ச நேரம் நிறுத்தணுங்க. அங்க படம் நின்னுபோச்சு.”

“ரூம்காரங்க கேப்பாங்க.”

“கேக்கட்டுங்க.”

முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் எழவும் இல்லை, வழி விடவும் இல்லை. அவள் மேஜையைச் சுற்றிப்போய், அவர் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, பழைய பெட்டியின் பிளக்கைத் தானே பிடுங்கினாள். அவர் அவள் கையைத் தடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஹாலுக்கு வந்தபோது வட்டம் போயிருந்தது. ஐஸ்வர்யா மணையில் உட்கார்ந்திருந்தாள். இடது புருவத்தில் அம்மைத் தழும்பு, நெற்றியில் வியர்வை, கைமறதியாகக் கொஞ்சம் கோணிய பொட்டு. எல்லாம் தெரிந்தது. தெரிய வேண்டாததும் தெரிந்தது. தாய் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். அந்தப் பச்சைச் சேலைக்காரி ஐஸ்வர்யாவின் கையைப் பிடித்து மாதேஷின் கையில் வைத்தாள். ஐஸ்வர்யா நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள். சிரிக்கத்தான் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

மேளம் உயர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ரிசப்ஷனில் யாரோ சண்டை போடுவதும் கேட்டது. நெட் இல்லாமல் என்ன லாட்ஜ் என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர் பிளக்கைத் திரும்பச் செருகிவிடுவார்.

“லைன்ல கோளாறுங்க,” என்றது கோவிந்தராஜின் குரல். “ஆள் பாத்துக்கிட்டிருக்கறான். அரை மணி நேரம் பொறுத்துக்குங்க.”

மாதேஷ் தாலி கட்டினான். கமலா காலையிலேயே எடுத்து வைத்திருந்த அட்சதையைத் தன் மடியிலேயே போட்டுக்கொண்டாள்.

மதியம் கோவிந்தராஜ் சாப்பிட வந்தார். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பருப்புச் சோறு முடிந்தது. ரசம் ஊற்றும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“எளச்சிருக்கறாளா?”

“திரும்பப் போடலாமுங்க. பதிவாகி இருக்குது. பாக்கறீங்களா?”

“வேண்டாம்.” கை கழுவிக்கொண்டு, புது ரூம்காரர்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு ஐஸ்வர்யா கூப்பிட்டாள். கமலா ஹாலிலேயே உட்கார்ந்து எடுத்தாள்.

“தெரிஞ்சுதாம்மா?”

“எல்லாம் தெரிஞ்சுது கண்ணு.”

“அப்பா?”

பார்த்தார் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் இன்றைக்கு ஒரு நாள் சந்தோஷப்படுவாள்.

“பாக்கல சாமி. நீ எளச்சிருக்கறயான்னு மட்டும் கேட்டாரு.”

லைன் அறுந்துவிட்டதோ என்று கமலா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

“நீ என்னம்மா சொன்ன?”

“நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. பதிவாகி இருக்குது, அவரே பாத்துக்கட்டும்.”