அப்பா பக்கம்

எங்கள் வீட்டில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "திருத்தம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அப்பா. சுவரில் காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய் அதை நேராக்கிவிட்டு வருவேன். பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து பேசினால், அவர் பேசுவது எதுவும் என் காதில் ஏறாது. இந்தக் குணம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு பஸ் கம்பெனியில் சீட் தைக்கும் வேலை. வாரம் முழுக்க ரெக்சினோடும் கோணி ஊசியோடும் மல்லுக்கட்டிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே முரட்டுக் கை மெல்லிய பருத்தித் துணியில் எறும்பு வரிசை போலத் தையல் போடும். அம்மா பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். மடியில் குரோஷா நூல் இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சே வராது. அக்கா பழைய சாக்ஸில் யானை செய்வாள். பார்ப்பவர்கள் பன்றி நன்றாக இருக்கிறது என்பார்கள், அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ரேடியோவுக்கு உறை, தண்ணீர்க் கூஜாவுக்கு உறை, கண்ணாடிக் கூட்டுக்கு உறை, மீதியான உறைகளைப் போட்டு வைக்கும் பெட்டிக்கும் ஓர் உறை. "கொஞ்சம் அசந்து உக்காந்தா எனக்கும் ஒண்ணு தச்சு மூடிடுவீங்க" என்பார் அப்பா.

ஆனால் நான்கு பேரும் சேர்ந்து செய்தது ஒட்டுப்போர்வைதான். கிழிந்த சட்டை, சாயம் போன திரைச்சீலை, நான் வேலை பார்த்த துணிக்கடையில் கிடைக்கும் வெட்டுத்துண்டு எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி ஒன்றாக இணைப்போம். அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு, மேலே அந்த இணைப்பு. மூன்றையும் பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊடுருவத் தைக்க வேண்டும். அந்தச் சட்டம் எங்கள் முன்னறையை அடைத்துக்கொள்ளும் என்பதால் அப்பா உத்தரத்தில் நான்கு கப்பி மாட்டியிருந்தார். வாரநாட்களில் அது கூரையோடு ஒட்டித் தொங்கும், நாங்கள் அதன் கீழே நடமாடுவோம். ஞாயிறு காலை கயிற்றை விட்டால் மெல்ல இறங்கி இடுப்பளவில் நிற்கும். புதிதாக வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "மேல யாரு தூங்கறது?" என்று கேட்டதுண்டு.

சட்டத்துக்கு நான்கு பக்கம், எங்களுக்கும் நான்கு பேர். ஜன்னல் பக்கம் அப்பா, எதிரில் அம்மா, இடது ஓரம் அக்கா, கதவுப் பக்கம் நான். அவரவர் பக்கத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவோம். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது, குறையும் சொல்லக்கூடாது. இது அம்மா போட்ட சட்டம். எனக்காகவே போட்டது என்று எல்லாருக்கும் தெரியும்.

போர்வை முடிந்த அன்று ஒரு விளையாட்டு உண்டு. அதைக் கவிழ்த்துப் போட்டு, அம்மாவின் கண்ணைக் கட்டி, இரண்டு சுற்று சுற்றிவிடுவோம். அவள் விரலால் தடவிப் பார்த்து யார் பக்கம் என்று சொல்வாள். ஒரு தடவையும் தவறியதில்லை. அப்பாவுக்கு இடது கை பழக்கம். அவர் தையல் எங்களுடையதற்கு எதிராகச் சாயும். அதில் கை பட்டதுமே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அப்பா ஒவ்வொரு போர்வையையும் முடித்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் கொண்டுபோக ஒரு பெரிய போர்வை ஆரம்பித்தோம். நீலமும் சாம்பலுமாக அவளே துணி பொறுக்கினாள். அந்த வருஷம்தான் அப்பாவின் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணாடியை மாற்றியும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையிலும் லேசான நடுக்கம். பஸ் கம்பெனியில் அவரைத் துணி எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைக்காக மட்டும் காத்திருந்தார்.

அவர் பக்கத்தை நான் முதலில் கவனித்தது ஒரு திங்கட்கிழமை. கடைக்கு அன்று வார விடுமுறை, மற்ற மூவரும் வேலைக்குப் போய்விடுவதால் வீட்டில் நான் மட்டும்தான். ஏதோ நூல் எடுக்கச் சட்டத்தை இறக்கினேன். அப்பாவின் தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. படுக்கும்போது கால் விரல் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில தொங்கின. கோடும் கோணிக்கொண்டு எங்கேயோ போனது. பாதி பிளேடை எடுத்து எல்லாவற்றையும் பிரித்தேன்.

பிரித்ததைத் திரும்பத் தைக்க வேண்டுமே. என் தையல் போட்டால் அம்மாவின் விரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இடது கையால் தைத்தேன். முதல் நாள் விரலெல்லாம் ரத்தப் புள்ளி. அப்பாவின் பழைய போர்வையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அங்குலத்துக்கு ஏழு தையல், அதே சாய்வு என்று பழகினேன். ஒரு மாதத்தில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு அப்பா உட்கார்ந்தவுடன் போன வார வேலையைத் தடவிப் பார்த்தார். "பரவாயில்லையே. கண்ணுதான் போச்சு, கை போகலை" என்றார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு நிறுத்த முடியுமா? ஏழு மாதம் இப்படியே நடந்தது. ஞாயிறு அவர் தைப்பார், திங்கள் நான் பிரித்துத் தைப்பேன். அவருக்காகச் செய்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. கோணல் தையல் எங்கள் போர்வையில் இருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை என்பது மீதிப் பாதி.

ஒரு ஞாயிறு, "என் பக்கம் முடிஞ்சுது" என்று ஊசியைக் குத்தி வைத்தார். மறுநாள் வழக்கம்போல என் வேலையை முடித்தேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. துணி எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மற்ற மூன்று பக்கத்தையும் நாங்கள் எப்படியோ முடித்தோம். அக்கா கிளம்புவதற்கு முன் அம்மா யாரும் கேட்காமலே கண்ணை மூடிக்கொண்டு போர்வையைத் தடவினாள். ஜன்னல் பக்கம் வந்ததும் விரல் நின்றது. "இது அவர்" என்று சொல்லி அழுதாள். நான் சமையலறைக்குப் போய் ஏதோ பாத்திரத்தைக் கழுவினேன்.

இதெல்லாம் நடந்து முப்பத்து மூன்று வருஷமாகிறது. போன மாதம் அக்கா அந்தப் போர்வையைப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். துவைத்துத் துவைத்து நடுப்பகுதி நூலாகப் போய்விட்டது. நான்கு ஓரமும் மட்டும் திடமாக இருந்தன. "இதை வெட்டி ஆளுக்கு ஒண்ணா வச்சுக்கலாம். தூக்கிப் போட மனசு வரலை" என்றாள்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று, என்னோடுதான் இருக்கிறாள். அவள் உடனே, "அவர் பக்கம் எனக்கு. தலைமாட்டுல வச்சுக்கறேன். நான் போகும்போது அதையும் கூட அனுப்பிடுங்க" என்றாள்.

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அம்மா கடைசிவரை என் தையலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவரோடு பேசுவாள். அந்தப் பொய்யின் பக்கத்தில் நான் எப்படிப் படுப்பேன்? வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா போர்வையிலிருந்து கையை எடுத்தாள். "ஒண்ணு கூடவா விடலை?" என்றாள்.

"ஒண்ணு கூட விடலைம்மா."

"கடைசி வாரத்துது?"

"திங்கட்கிழமை பிரிச்சுட்டேன். செவ்வாய்க்கிழமை தானே அப்பா..."

அக்காதான் வெடித்தாள். "என் போர்வைடி அது. கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுது. உன்கிட்ட யாரு கேட்டா?" அவள் கேட்டதில் தப்பே இல்லை. அம்மா எழுந்து தன் அறைக்குப் போனாள். இரண்டு நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. டீயைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், ஜன்னலைப் பார்த்துக் குடிப்பாள். ஐம்பத்தேழு வயதில் அம்மா பேசாத வலி இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை அந்த ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அக்கா கோபத்திலும் அதை வெட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். வெட்டிய பக்கம் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அவரே இதைத் தன்னோடதுன்னு நம்பினாரா?"

"நம்பினார்மா. தடவித் தடவிப் பார்த்தார்."

"என் விரலும் நம்புச்சு. நாங்க ரெண்டு பேரும் முட்டாளா போயிட்டோம்." குரலில் கோபம் இருந்தது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "சரி. பிரிஞ்சு நிக்குது பாரு, இந்த ஓரத்தை மடிச்சுத் தை. அவர் கையால தைச்ச மாதிரி தை."

"இடது கையாலயா?"

"பின்னே?"

ஊசியை இடது கையில் எடுத்தேன். அப்பா போன பிறகு அந்தக் கையால் நான் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று நீளமாக விழுந்தது, அடுத்தது குட்டையாக. ஒரு சாண் போவதற்குள் கோடு கோணிக்கொண்டு கீழே இறங்கியது. நூல் தொங்கியது.

நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அப்பாவின் கடைசித் தையல்கள் இப்படித்தான் இருந்தன. அவை எப்படி இருந்தன என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்கு ஞாபகம் வந்ததே இல்லை. பிரித்த வேகத்தில் நான் அவற்றைச் சரியாகப் பார்த்திருக்கவேயில்லை. இப்போது என் கண்ணெதிரே இருந்தன.

ஆனாலும் பழக்கம் விடுமா. என் வலது கை தானாகப் போய் பிளேடை எடுத்தது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையின் விரலை அந்தக் கோணல் வரிசையின் மேல் ஒருமுறை ஓட்டினாள்.

"கை வைக்காதே" என்றாள்.

பிளேடைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த தையலைப் போட்டேன்.