இரண்டாம் வரிசையில் ஓர் இருமல்

1.
இந்தக் கதைக்குக் காரணம் என் செல்போன். ஒரு படத்தின் பெயரைத் தட்டி, ‘எங்கே பார்க்கலாம்’ என்று கேட்டேன். காசநோய் வார்டில் நடக்கும் ஆப்பரா; நோயாளிகள் எல்லோரும் பாடுவார்கள். என் மனைவி யோலிஸ்வா கோரஸில் இரண்டாம் வரிசை.

‘உங்கள் நாட்டில் இப்படம் கிடைக்காது’ என்று பதில் வந்தது. எடுத்ததே எங்கள் ஊர் கயெலிட்ஷாவில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்.

2.
முதல் வரிக்கான முயற்சிகள்:

அவள் போன பிறகு வீடு முழுக்க— (வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

வெளியே மழை பெய்துகொண்டி— (பெய்யவில்லை.)

படத்துக்காக அவள் வீட்டில் இருமிப் பழகினாள். (இது இருக்கட்டும்.)

3.
தாளத்தின் நான்காம் அடியில் இரும வேண்டும். தட்டு கழுவிக்கொண்டே இருமுவாள். நான் மதிப்பெண் போடுவேன்.

“பத்துக்கு ஆறு. ஆடு செருமுற மாதிரி இருக்கு.”

“எங்க, நீ இருமிக் காட்டு பார்ப்போம், பெரிய பாடகரு!”

படப்பிடிப்பு முடிந்தது. இருமல் முடியவில்லை. பழக்கம் விடவில்லை என்று நினைத்து, பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். நான்கு மாதத்தில் இறந்துவிட்டாள்.

படத்தில் இருப்பது ஆறா, ஒன்பதா? அது தெரிய வேண்டும்.*

* இந்தப் பகுதியில் வேறெதுவும் சேர்க்கப்போவதில்லை.

4.
அவள் தம்பி லுவாண்டோ. (இவன் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். தகவல் இவனிடம்தான் இருக்கிறது.)

“சட்டைக் கையில துக்கத் துணியக் குத்திக்கிட்டு சினிமாவா, அத்தான்?”

“சினிமா இல்ல, ஆப்பரா.”

“அப்போ சரி. அங்க உங்களப் பார்க்க ஆளே இருக்காது.” பிறகு சொன்னான்: “நம்ம கிளினிக் டிவில அந்தப் படம் தினம் ஓடுது. அக்கா வர்ற இடத்துல நான் எழுந்து வெளிய வந்துட்டேன்.”

5.
கிளினிக்கில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கம்பிக்கூண்டுக்குள் டிவி. படம் ஓடியது, சத்தமில்லாமல்.

“சத்தம் வைக்கலாமா, சிஸ்டர்?”

“அதுல அம்பது பேரு இருமுறாங்க, இங்க நாப்பது பேரு. எது நம்ம ஆளுன்னு எனக்கே தெரியல, தம்பி. அதான் வாயை அடைச்சேன்.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது, இருமியது. நானும் சிரித்தேன். சிஸ்டர் பும்லா என் சட்டைக் கையில் இருந்த கறுப்புத் துணியைப் பார்த்தார்.

“எந்த வரிசை?”

“ரெண்டாவது. பச்சைத் தலைத்துணி.”

ரிமோட்டை நீட்டினார்.

6.
முடிவு அ: ஆறு. அப்படியென்றால் நோய் பிறகு வந்திருக்கிறது, என் காதுக்குப் பக்கத்திலேயே.

முடிவு ஆ: ஒன்பது. அப்படியென்றால் படப்பிடிப்பிலேயே நோய் இருந்திருக்கிறது; ஐம்பது பேர் கேட்டிருக்கிறார்கள். நான் தனியாளில்லை. ஆனால் அவர்கள் யாரும் மதிப்பெண் போட—

முடிவு இ எழுதவில்லை.

இசை நடத்துபவரின் கை மேலே போய்விட்டது. ஒன்று. இரண்டு. பச்சைத் தலைத்துணி மூச்சை இழுக்கிறது. இந்தாருங்கள், படிக்கிறவரே, ரிமோட்டை நீங்கள் பிடியுங்கள். சத்தம் வைப்பதென்றால் சீக்கிரம் வையுங்கள்.

மூன்று.