தனித்தனியாகக் கேட்டவன்

அன்று கூட்ட அறையில் இருந்தவர்கள்: கம்பெனியின் தலைவர் என்ற முறையில் நான்; கம்பெனியை நடத்துபவனான, காலமான என் தம்பியின் மகன், வீட்டில் எங்களுக்குச் சின்னவன்; வரவு செலவைப் பார்க்கும் அவனுடைய அக்கா; விற்பனையைப் பார்க்கும் அவள் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை; ஃபாக்டரி மேனேஜர்; சர்வீஸ் மேனேஜர். டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் லிஃப்ட் செய்கிறவர்கள். என் அப்பா சுமை தூக்கும் கப்பியில் ஆரம்பித்த தொழில். இன்றைக்கும் ஒவ்வொரு லிஃப்டிலும் பட்டன்களுக்கு மேலே பித்தளைத் தகட்டில் எங்கள் குடும்பப் பெயர் இருக்கும். அந்தப் பெயரை நம்பித்தான் ஜனங்கள் உள்ளே ஏறிக் கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், நான்காவது மாடியில் கதவு திறந்து நின்ற எங்கள் லிஃப்ட் தானாகவே இடுப்பளவு கீழே சரிந்தது என்று கேட்டபோது, எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. உள்ளே ஒரு பெண் காய்கறிப் பையோடு இருந்தார். அடி எதுவும் இல்லை. பையை முதலில் மேலே எறிந்துவிட்டு ஏறி வந்தாராம். இனி படிதான் என்று சொல்லிவிட்டாராம்.

பிரேக் பட்டை சரியில்லை. புதிதாக வந்த சரக்கு, பிடிமானம் இல்லாமல் மிருதுவாக இருந்திருக்கிறது. ஆனால் எந்த லிஃப்டையும் ஒப்படைக்கும் முன் முழு எடை ஏற்றி, நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஏற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சின்னவன் விசாரித்தான். ஃபாக்டரி மேனேஜர், சர்வீஸ் மேனேஜர், மாப்பிள்ளை மூவரும், "முழு எடை வெச்சு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தோம்" என்றார்கள். மூன்று வாயிலும் அதே சொற்கள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. உண்மையைச் சொல்கிறவர்கள் கொஞ்சமாவது முன்னே பின்னே சொல்வார்கள்.

சின்னவன் விசாரிக்கும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். எதையும் அவன் கூட்டமாக வைத்துக் கேட்கமாட்டான். எல்லாரையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவான். "அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார், இப்ப நீங்க சொல்லுங்க" என்பான். யார் பதில் மாறுகிறதோ அவருக்குச் சாயங்காலம் வேலை இருக்காது. அந்தப் பெஞ்சுக்குப் பரீட்சை பெஞ்ச் என்று ஆபீஸில் பெயர். கேண்டீனில் முன்கூட்டியே கூடிப் பதிலை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. திறமையான பையன், கம்பெனியை என் காலத்தைவிடப் பெரிதாக்கியவன், ஆனால் ஒருவரையும் நம்பமாட்டான். கூடப்பிறந்தவளையும் சேர்த்து.

அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை காலையிலேயே என் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை. சின்னவன் புதன்கிழமை மதியங்களில் டிரைவரை விட்டுவிட்டுத் தானே கார் ஓட்டிக்கொண்டு போகிறான், போனை அணைத்துவிடுகிறான், போகிற பக்கத்தில்தான் எங்கள் போட்டிக் கம்பெனியின் ஆபீஸ் இருக்கிறது என்றார். கம்பெனியை விற்கப் போகிறான் என்பது அவர் கட்சி. லிஃப்ட் விவகாரத்தோடு சேர்த்து இதையும் கூட்டத்தில் வைத்து, அவனைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். இயக்குநர்கள் நாங்கள் நான்கு பேர். மாப்பிள்ளை ஒரு பக்கம், சின்னவன் ஒரு பக்கம் என்றால், என் கையும் அவன் அக்கா கையும்தான் அந்த நாற்காலியை முடிவு செய்யும்.

சின்னவன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. காபி ஆறுவதைக்கூடக் கவனிக்காத மாப்பிள்ளையின் அவசரத்தின் மேலும் வந்தது. இன்னொருவர் கண்ணை நம்பி நான் கை தூக்குகிறவன் இல்லை. அந்தப் புதன்கிழமை வாடகைக் காரில் அவன் பின்னாலேயே போனேன்.

அவன் போட்டிக் கம்பெனியைத் தாண்டிப் போய், ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தான். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி ஏறினேன். மேலே ஒரு பெண் டாக்டரின் பலகை. மனநல மருத்துவர். வரவேற்பில் இருந்தவள் நேரம் வாங்கியிருக்கிறேனா என்று கேட்டாள். பல் வலி என்றேன். பல் டாக்டர் கீழே என்றாள். இறங்கிப் போய்ப் பல் டாக்டரின் அறைக்கு வெளியே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரோடு உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் மனநல டாக்டர் வாசலை யாரும் மிதித்ததில்லை. வேறு யார் பார்த்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் ஓடியது.

இறங்கி வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். கண்கள் சிவந்திருந்தன.

"பல் வலியா பெரியப்பா?"

"ஆமா. உனக்கு?"

"எனக்கும் அதுதான். ரொம்ப நாளா."

அவன் கம்பெனியை விற்கவில்லை என்பது தெளிவாயிற்று. ஆனால் இப்படிப்பட்டவன் கையில் கம்பெனி இருக்கலாமா என்ற கேள்வி அதைவிடப் பெரியதாக வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தப் பக்கம் கை தூக்குவது என்று முடிவாகாமல்தான் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் சின்னவன் வழக்கம்போல எல்லாரையும் வெளியே அனுப்பினான். நான் பெஞ்சில் உட்காருகிறவன் இல்லை. தலைவர் நாற்காலியிலேயே இருந்தேன். ஒருவர் பின் ஒருவராக மூவரும் வந்து, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை என்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவன் அக்காவைக் கூப்பிட்டான். அவளுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. கணவர் மறைப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவன் சந்தேகம்.

"உன் வீட்டுக்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டார்க்கா. இப்ப நீ சொல்லு."

அவள் உட்காரவில்லை. "அப்பா குரல் அப்படியே வருதுடா உனக்கு" என்றாள்.

சின்னவன் கையிலிருந்த பேனாவை வைத்தான். பிறகு, என் பக்கம் பார்க்காமலே, "அப்பா கேட்டப்ப நீதானே என்னைக் காட்டிக் கொடுத்தே" என்றான்.

"நானா? நீ எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு அப்பா சொன்னார். அதுக்கப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலை. நீ சொல்லிட்டேன்னு என்கிட்ட சொன்னார்."

அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது உடைந்தது என் தம்பியின் மேஜைக் கண்ணாடி. உடைத்தது இருவரும் சேர்ந்து. சொல்வதில்லை என்று பேசிவைத்திருக்கிறார்கள். தம்பி ஒருவர் பின் ஒருவராக அறைக்குக் கூப்பிட்டு, மற்றவர் சொல்லிவிட்டதாக இருவரிடமும் சொல்லியிருக்கிறான். அக்கா அழுது ஒப்புக்கொண்டாள். பையன் இல்லை என்றே சாதித்தான். பொய் சொன்னதற்காக என் தம்பி அவனைப் பட்டறையில் வேலை முடியாமல் நின்ற லிஃப்ட் பெட்டிக்குள் விட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டான். விளக்கு கிடையாது. பட்டறை ஆட்கள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் திறந்திருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, அந்த வீட்டில் அதுதான் பிறகு தண்டனையாக இருந்திருக்கிறது. சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத வயது அவனுக்கு. நான் அப்போது வேறு ஊரில் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் கேள்விப்பட்டேன். அவன் எந்தக் கட்டடத்திலும் படியேறியே போவதை உடம்புக்காக என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

என் தம்பி கண்டிப்பானவன், கைசுத்தமானவன். அவனைப் பற்றி வெளியார் ஒரு சொல் பேச நான் விட்டதில்லை. ஆனால் பிள்ளைகளிடம் அவன் செய்தது அநியாயம். இதை ஒரு தடவை எழுதிவிட்டேன், போதும்.

"இத்தனை வருஷம் நீ என்னை ஒரு கல்யாண நாளுக்குக்கூடக் கூப்பிடாதது இதுக்குத்தானா?" என்று அக்கா கேட்டாள். அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்து, பெஞ்சில் இருந்த மூவரையும் ஒன்றாக உள்ளே வரச் சொன்னான். ஒன்றாகவே கேட்டான். எடை வைத்துப் பார்த்தீர்களா, இல்லையா? யார் என்ன சொன்னாலும் யாருக்கும் வேலை போகாது என்றான்.

ஃபாக்டரி மேனேஜர் அறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இதுல என்ன பொறி சார் இருக்கு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடினார்.

"சரி, முதல்ல நான் சொல்றேன்" என்றான் சின்னவன். சரக்கை அவசரப்படுத்தியது தான்தான், சோதனை நடந்ததா என்று புகார் வரும்வரை கேட்டதில்லை என்றான். பிறகு, புதன்கிழமைகளில் மனநல மருத்துவரிடம் போகிறேன், இன்னும் கொஞ்ச காலம் போவேன் என்றான். கூட்டத்தில் போடுவதற்கு மாப்பிள்ளை வைத்திருந்த வெடி அங்கேயே நனைந்துபோயிற்று.

சர்வீஸ் மேனேஜர்தான் முதலில் உடைந்தார். சோதனைக்கு ஏற்றும் எடைக் கற்கள் வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தன, அவை வரும்வரை காத்திருக்க மாப்பிள்ளை விடவில்லை, எடையே வைக்கவில்லை என்றார். மாப்பிள்ளை, தான் அவசரம் என்று மட்டுமே சொன்னதாகவும், எடை வைக்காதே என்று எங்கே சொன்னேன் என்றும் மல்லுக்கு நின்றார். ஃபாக்டரி மேனேஜர் இருவர் மேலும் பாய்ந்தார். அந்த ஆபீஸில் ஆட்கள் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சண்டை போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். சண்டையின் நடுவிலேயே, அதே பட்டை போட்ட மற்ற லிஃப்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதும் வெளியே வந்தது. எல்லாவற்றையும் உடனே நிறுத்தச் சொல்லி சர்வீஸ் மேனேஜர் அங்கிருந்தே போன் போட்டார்.

இரண்டு மேனேஜர்களும் வெளியேறிய பிறகும் மாப்பிள்ளை விடவில்லை. அப்படிப்பட்ட டாக்டரிடம் போகிறவர் நாற்காலியில் இருந்தால் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள், குடும்ப மானம் போகும் என்றார். குடும்ப மானத்தை எனக்கு அவர் எடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, இவன் எங்கே போறான்னு நானே போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். நம்ம லிஃப்ட் எங்கே போகுதுன்னு நீங்க போய்ப் பாருங்க" என்றேன்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். இனி யாரையும் தனியாகக் கூப்பிட்டு இன்னொருவர் பேரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. சின்னவன் ஒப்புக்கொண்டான். முயற்சி பண்றேன் என்றுதான் சொன்னான். அதுவே எனக்கு நம்பிக்கையாக இருந்தது. அவள் தம்பி பக்கம் கை தூக்கினாள். நானும் தூக்கினேன். மாப்பிள்ளை அன்று எங்களோடு சாப்பிடவில்லை.

டாக்டர் சொன்னபடி சின்னவன் கொஞ்ச நாள் விடுப்பு கேட்டான். அவன் வரும்வரை அக்கா பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபின் ஓரிரு தடவை பழக்க தோஷத்தில் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, தானே எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறான். நான் இன்னும் முழுதாக நம்பிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஃபாக்டரிக்குப் போய் எடைக் கற்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

சின்னவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் அடைத்துவைத்திருக்கிறார்கள், பெரியப்பாவே நாற்காலியைப் பிடுங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிலர் பேசுகிறார்கள். அது பொய். அவனை யாரும் எங்கும் அடைக்கவில்லை. கம்பெனியை அவன்தான் நடத்துகிறான். மாப்பிள்ளை விற்பனையில்தான் இருக்கிறார்.