இறகு முளைக்காத குஞ்சுகள்

தேவிகுளத்துக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில், ஆறாம் லயத்து வரிசையில் குடியிருந்த கத்தரீனாள் வீட்டில் எழுபத்தொன்றில் பொரித்த கோழிக்குஞ்சுகளுக்கு எழுபத்தெட்டு வரைக்கும் இறகு முளைக்கவில்லை. சீக்கும் இல்லை, சாவும் இல்லை. தின்றன, குடித்தன, நாள் முழுக்கக் கத்தின, மஞ்சள் பஞ்சாகவே இருந்தன. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். அவர்கள் நம்பி இங்கே யார் வீட்டிலும் உலை கொதிக்கப் போவதில்லை.

கத்தரீனாளின் புருஷன் செபாஸ்டின் மழைக்காலக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். எஸ்டேட் வேலைக் கணக்கில் பேர் இருந்தால்தான் வீடு. அவன் பேர் அவனோடு போயிற்று. அவள் சரிவில் விழுந்து கால் ஒடிந்த வருஷமே அவள் பேரையும் வெட்டிவிட்டார்கள். மகள் புஷ்பமேரிக்குப் பேர் பதிய இன்னும் வயது வரவில்லை. போக்கிடம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாதியும் கிடையாது. அடக்கம் முடிந்த மறுவாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கங்காணி சிலுவைராஜ் வாசலில் வந்து நின்றான். தாய்க்கோழியை மரநாய் தூக்கிப் போயிருந்ததால், கத்தரீனாள் அப்போது குஞ்சுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பழைய தேயிலைப் பெட்டியில் மரத்தூள் பரப்பி, நடுவே ஒரு சட்டியில் சாம்பல் போர்த்திய நெருப்புக் கங்கை வைத்து, அதன்மேல் ஓட்டை போட்ட பானையைக் கவிழ்த்திருந்தாள். குஞ்சுகள் பானையை ஒட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர் என்று கங்கைக் கூட்டுவாள். பெட்டியோரம் ஒதுங்கினால் சூடு என்று குறைப்பாள்.

"இந்தக் குளிர்ல வெளிய எடுத்தா ஒண்ணும் தங்காது அண்ணாச்சி. இறகு முளைக்கட்டும்" என்றாள். சிலுவைராஜ் கெட்டவனில்லை, சண்டைக்குச் சோம்பல்படுகிறவன். ஒரு மாசச் சங்கதிதானே என்று அவளோடு குருசடிக்கு நடந்து, சிலுவையில் கைவைத்தான். "குஞ்சுகளுக்கு இறகு முளைக்கிற வரைக்கும் ஒன் வீட்ட எவனும் தொடமாட்டான். அந்தோணியார் சத்தியம்." அங்கே கைவைத்துச் சொன்னதை மீறினவன் அந்த மலையில் கிடையாது. கத்தரீனாள் நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் குனிந்தாள். "கேட்டுச்சா மக்கா? மெதுவா வளரலாம், அவசரமில்ல" என்றாள்.

குஞ்சுகள் அவசரப்படவில்லை. கிறிஸ்மஸ் போயிற்று, உறைபனி விழுந்து கொழுந்து கருகிற்று, அடுத்த மழையும் பிடித்துக்கொண்டது. எஸ்டேட் துரை குதித்தார். ஆனால் சத்தியத்தை உடைத்தால் ஒருத்தியும் கொழுந்துக்கு இறங்கமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். மாட்டுப்பட்டிப் பண்ணையிலிருந்து டாக்டரை வரவழைத்தார்கள். அவர் ஒரு குஞ்சைப் புரட்டிப் பார்த்து, குஞ்சுக்கு ஒரு குறையுமில்லை, எனக்கு மாடுதான் தெரியும் என்று சொல்லி, கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் போனார். பிறகு ஆபீஸ்காரர்கள் அவள் வீட்டுக்கு விறகை நிறுத்தினார்கள். பெரிய சாமர்த்தியம்! கங்கு அணைந்தால் குஞ்சு சாகும், குஞ்சு செத்தால் சத்தியம் தீரும் என்று கணக்கு. மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்துக்கு வேலை வாங்கப் போகிற பெண்கள் ஆளுக்கொரு அகப்பை கங்கைத் தகரத்தில் ஏந்திவந்து அவள் சட்டியில் கொட்டிவிட்டுப் போனார்கள். முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு அழகுத்தாய். சிலுவைராஜின் பெண்டாட்டியும் வந்தாள், அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. துரைமார் மாறினார்கள், குஞ்சுகள் மாறவில்லை. கத்தரீனாளுக்கும் சில நாள் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும். இத்தனை நொய்யைப் போட்டு ஒரு முட்டை கண்டோமா என்று பெட்டியை எட்டி உதைக்கப் போவாள். பிறகு புஷ்பமேரி தூங்குவதைப் பார்த்து, கங்கை ஊதிவிட்டுப் படுப்பாள்.

எழுபத்தெட்டில் ஒரு காலை பெரட்டுக்களத்தில், வயது வந்த புஷ்பமேரியின் பேரைப் பதிந்து கூப்பிட்டார்கள். வீடு அவள் பேருக்கு வந்தது. மத்தியானத்துக்குள் பெட்டி கொள்ளாமல் கோழிகள் புடைத்துக்கொண்டு வெளியே வந்தன. சிவப்பும் கறுப்புமாக இறகு, செக்கச்செவேலென்று கொண்டை. சேவல் கூரைத் தகரத்தில் ஏறி ஆபீஸ் பக்கம் திரும்பிக் கூவிற்று.

சிலுவைராஜ் மூச்சிரைக்க வந்தான். "இறகு முளைச்சிட்டே, கத்தரீனா."

"முளைச்சிட்டு. இப்பக் காலி பண்ணச் சொல்லுங்க, பாப்போம்!"

அவன் சிரித்தான். எத்தனை வருஷச் சிரிப்போ, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த மழையில் அழகுத்தாயின் புருஷன் இறந்தான். அவள் பேரையும் அதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள், மகன் கைப்பிள்ளை. காலி செய்யச் சொல்லச் சிலுவைராஜ் போனபோது, கத்தரீனாள் அவனுக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தாள். தேயிலைப் பெட்டியில் புது மரத்தூள், கவிழ்த்த பானை, அன்று காலை பொரித்த குஞ்சுகள். லயத்துப் பெண்கள் கங்கோடு வரிசையில் நின்றார்கள். சிலுவைராஜ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனாகவே குருசடியைப் பார்க்க நடந்தான்.