தெருவே குடித்த சர்க்கரை

கண்டக்டரம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் அந்தத் தெருக் குழாய்களில் தண்ணீர் இனிக்கும். இறங்கினால் உப்புக் கரிக்கும். குழாய்த் துறைக்காரர்கள் இரண்டு முறை தோண்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போனார்கள். அவள் பிறந்து வளர்ந்த தெரு அது. பத்து வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். டீக்கடைக்காரர் சீனி வாங்குவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். தண்ணீர் கரித்தால் மட்டும் கடையை அப்படியே போட்டுவிட்டு, பழச்சாறோடு அவள் வீட்டுக்கு ஓடுவார்.

முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. அந்த வாரம் தண்ணீர் பாகாக வந்தது. துவைத்த துணிகள் கொடியில் விறைத்து நின்றன.

மறுபடி உண்டானபோது, வயரிங் வேலை செய்யும் அவள் கணவன் இரவெல்லாம் எழுந்து எழுந்து குழாய்த் தண்ணீரை நக்கிப் பார்த்தான். இதைக் கேட்டு டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையில் ஒட்டும் சென்சாரும் இடுப்பில் செருகும் சின்ன பம்ப்பும் எழுதிக்கொடுத்தார். சென்சார் காட்டும் அளவைப் பார்த்து பம்ப் தானே இன்சுலினைக் கூட்டும், குறைக்கும். சாப்பாட்டு அளவை மட்டும் அவள் சொல்ல வேண்டும். விலையைக் கேட்டதும் காப்பீட்டு அலுவலகக் கணக்கர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"போன தடவை இவங்க எத்தனை வாட்டி அட்மிட் ஆனாங்க? குறைமாசத்துல பொறந்தா கண்ணாடிப் பெட்டில எத்தனை வாரம்? அதையும் கூட்டிப் பாருங்க சார்," என்றார் டாக்டரம்மா.

கூட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பம்ப் ஓடத் தொடங்கிய மறுநாள் காலை டீ சப்பென்றிருந்தது. டீக்கடைக்காரர் அடுத்த குழாயைத் திறந்து குடித்தார். வெறும் தண்ணீர். இத்தனை வருஷத்தில் அப்படி வந்ததே இல்லை. அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடையைச் சாத்தினார். பெண்கள் அழுதுகொண்டே வந்தார்கள். யாரோ கதவை உடைக்கக் கடப்பாரை கொண்டுவந்தார்கள். கதவு தானாகவே திறந்தது. கண்டக்டரம்மா கன்னத்தில் தலையணைத் தடத்தோடு நின்றாள்.

"என்னண்ணே, தெருவே வந்திருக்கு?"

"அம்மாடி, நீ உசுரோட இருக்கியா?"

"பின்ன? இப்பத்தான் எழுந்தேன். ராத்திரி பூரா தூங்கிட்டோம், அவரும்தான்."

"டீ சப்புன்னு இருக்கேம்மா!"

"சீனின்னு ஒண்ணு கடையில விக்குது. வாங்கிப் போட்டுப் பாருங்கண்ணே."

கடப்பாரைக்காரர்தான் முதலில் சிரித்தார். டீக்கடைக்காரருக்குச் சீனி அளவு கைவர ஒரு மாதமானது. அதுவரை தெரு முகம் சுளித்துக்கொண்டே குடித்தது.

தண்ணீர் தண்ணீராகவே வந்தது. ஓடும் பேருந்தில் பம்ப்பின் குழாய் கழன்ற ஒரு மதியம் மட்டும் லேசாக இனித்தது. அவள் மாற்றிப் போட்டதும் அடங்கியது. எட்டாம் மாதம்வரை டிக்கெட் கிழித்தாள். டாக்டரம்மா குறித்த தேதியில் பிரசவம். குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது.

"பொண்ணு. எங்கயும் தூக்கிட்டுப் போக வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க," என்றாள் நர்ஸ்.

குழந்தை அறை அதிர அழுதது. அவள் இடுப்பில் பம்ப் ஒருமுறை 'டிக்' என்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.